கறுப்பு மண்

நம்பினால் நம்புங்கள். பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்கள் எங்கள் அடி அண்ணாமலை டீக்கடையில் உட்கார்ந்து, சித்தர் வெளிச்சமாகப் போனார், நாயாக வந்தார் என்று சொல்லும்போதெல்லாம், நடந்த களைப்பில் கண் ஏமாற்றியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகிற ஆள்தான் நான்.

தொண்ணூறுகளின் கடைசி. என் வீட்டுக்காரர் தனியார் பஸ் டிரைவர். அவர் பஸ்ஸைப் பிடிக்க ஊரே ஓடும், அவர் எதற்கும் ஓடியதில்லை. வண்டி கவிழ்ந்து முதுகில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போனது. பிள்ளைகள் கிடையாது. காலையில் அவரைத் துடைத்து, துணி மாற்றி, சோறும் தண்ணீரும் கைக்கெட்ட வைத்துவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு, செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதிக்கு அறை கூட்டப் போவேன். திரும்பி வந்தால் மறுபடி அதே துடைப்பு, அதே துணி. என்ன கிழமை என்றுகூடத் தெரியாது.

விடுதியில் ஒருவர் காலி செய்தபோது பழைய போஸ்டர் ஒன்றைச் சுவரிலேயே விட்டுப் போயிருந்தார். எந்தக் காலத்திலோ, பல தேசத்துக்காரர்கள் கலந்துகொண்ட ஓட்டப்பந்தயத்துக்கு அச்சடித்தது. கறுப்பு மண் பாதையில் சிலர் பாய்ந்து ஓடுகிற படம். முதலாளி குப்பையில் போடச் சொன்னார். எங்கள் வீட்டில் என் வீட்டுக்காரர் கட்டிலுக்கு எதிரே காரை பெயர்ந்த சுவரை மறைக்கட்டும் என்று கொண்டுவந்து ஒட்டினேன், அவ்வளவுதான்.

கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் கால் துடைக்கும்போது துணி கறுப்பாக வந்தது. உள்ளங்காலெல்லாம் அடுப்புக்கரியை நொறுக்கினாற்போல நறநறவென்று மண். எங்கள் ஊரில் செம்மண்தான். பூட்டும் நான் போட்டபடியே இருந்தது.

"யாருனா வந்தாங்களா?"

"யாரும் வரல."

"அப்ப கால்ல இன்னாங்க இது?"

அவர் சுவரைப் பார்த்துச் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பை அன்றுதான் பார்த்தேன்.

அப்புறம் அடிக்கடி அப்படித்தான். ஒரு மத்தியானம் சீக்கிரமே வந்து பூட்டைத் திறந்தால் அவருக்கு மூச்சு வாங்குகிறது, சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது, கெண்டைக்கால் தொட்டால் சுடுகிறது. நான் போஸ்டரைக் கிழிக்கப் போனேன்.

"வாணாம்மே. நாள் பூரா கூரையப் பாத்துக்கினு கெடக்கறேன், எனக்கு வேற இன்னா இருக்குது?"

கையை இறக்கிவிட்டேன். பயப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே. தண்ணீர் எடுத்துவந்து காலைக் கழுவினேன்.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார். போஸ்டரைச் சுருட்டிப் பாடையில் அவர் பக்கத்திலேயே வைத்தேன். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, அதனால் நான் எதையும் பார்க்கவில்லை. பாடை தங்களை விட்டுவிட்டுப் போய்விட்டதென்று மேளக்காரர்கள் பாதி வழியிலேயே திரும்பிவந்துவிட்டார்கள். பாடை தூக்கிய என் கொழுந்தன் திரும்பிவந்து ஈரத் துணியோடு வாசலில் உட்கார்ந்தான். குளித்துவிட்டு வந்தும் இளைப்பு அடங்கவில்லை.

"மேளக்காரங்கள விட்டுட்டு அப்படி இன்னாடா அவசரம்?" என்றேன்.

"நாங்க எங்க கொண்டு போனோம், அண்ணி? தெருமுனை தாண்டினதுதான் தெரியும். அண்ணன் இழுத்துக்கினு போறாரு, நாங்க நாலு பேரும் கூடவே ஓடறோம்."

கூடப்பிறந்தவனைக் கொளுத்திவிட்டு வந்தவன் அவன். சொல்லும்போது அவன் முகத்தில் துக்கமே இல்லை, சந்தோஷம் தாங்காதவன்போல இருந்தான். இன்றைக்கும் கண்ணை மூடினால் என் வீட்டுக்காரர் முகம் வருவதில்லை, அந்த முகம்தான் வருகிறது.