ஜோக்கர் முகத்தில் ஒட்டிய கியூபாச் சரித்திரம்

சோற்றுப் பசை காயும்போது ஒரு புளித்த மணம் வரும். கனடாவில், ஸ்கார்பரோவில், ஐந்தாம் மாடியில், ஹீற்றருக்கு மேலே ஒரு கியூபாக்காரரின் குடும்பச் சொத்து அப்படித்தான் காய்ந்துகொண்டிருந்தது...

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான்கு பெடியன்கள், ஒரு அபார்ட்மென்ற். ஞாயிறு மத்தியானம் என்றால் கோழிக்கறி, அதன் பிறகு முன்னூற்றிநாலு. சீட்டு விளையாட்டில் அதை மிஞ்ச ஒன்றும் இல்லை என்பது எங்கள் சமயம். அதில் ஜாக்தான் பெரிய சீட்டு. வீரன் என்போம்.

ஒரு ஏப்ரலில் எங்கள் சீட்டுக்கட்டிலிருந்து ஸ்கோப்பன் வீரன், அதுதான் ஸ்பேட் ஜாக், காணாமல் போனான். சோபாவைப் புரட்டினோம், கார்பெற்றைக் கிளப்பினோம்... இல்லை.

ஜோக்கரை வைத்து ஆடலாம் என்றேன். எங்களில் மூத்தவரான குணா அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது.

"வீரனுக்குப் பதிலாக் கோமாளியோ? உனக்கென்ன விசரே?"

"அப்ப புதுக்கட்டு வாங்குவம் அண்ணை."

"உது ராசியான கட்டடா. வேற கட்டைத் தொடமாட்டன்."

இங்கேதான் ரமோன் வருகிறார். பாண் சுடும் ஃபக்ரறியில் என்னோடு பெல்ற்றில் நின்றவர். என் தகப்பன் வயது. நான் யாழ்ப்பாணச் சுருட்டைப் பற்றி அளக்க, அவர் கியூபாச் சுருட்டைப் பற்றி அளப்பார். அந்தக் காலத்தில் அவர்கள் ஊர்ச் சுருட்டோடு ஒரு படச்சீட்டு வருமாம். ஸ்பானியர் வந்து இறங்கிய நாளிலிருந்து தீவின் சரித்திரம் முழுக்க, நம்பர் போட்டு! எங்கள் ஊர்ச் சுருட்டோடு இருமல் மட்டும்தான் வந்தது.

ரமோனின் அப்பா சுருட்டுக் குடித்துக் குடித்தே முழுச் செற்றையும் ஒரு ஆல்பத்தில் சேர்த்தவராம். ஊரைவிட்டு வரும்போது ரமோன் கொண்டுவந்தது அந்த ஒரு ஆல்பம்தான். ஒரு வெள்ளிக்கிழமை அதை என்னிடம் தந்தார், பார்த்துவிட்டுத் தா என்று.

"மண்டே, பிரிங் பாக். வாஷ் ஹாண்ட்ஸ். நோ கறி!"

கை கழுவினேன். சத்தியமாகக் கழுவினேன்.

ஞாயிறு குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன்... ஆல்பத்தில் முதலாம் நம்பர் படத்தின் இடம் வெறுமை. குணா அண்ணை அதை உருவி, ஜோக்கரின் முகத்தில் சோற்றால் ஒட்டி, ஹீற்றரில் வைத்திருக்கிறார். தாடி, வாள், கழுத்தில் சுருக்கு வைத்த துணி. கடற்கரையில் கால் வைக்கிற ஸ்பானியத் தளபதி.

"பாரடா, அசல் பறங்கி! உவனெல்லோ வீரன்!"

"ஐயோ அண்ணை, அது ரமோனின்ர அப்பாவின்ர!"

"புத்தகம் நிறையப் படம் கிடக்கு. முதல் படத்தை ஆர் பாக்கிறது?"

கேத்தில் ஆவியில் பிடித்து உரிக்கப் பார்த்தோம். பாதித் தாடி போய்விட்டது. குணா அண்ணை நீலப் பேனையால் போன பாதியைக் கீறி என்னிடம் நீட்டினார்.

"இப்ப வித்தியாசம் தெரியுதே?"

தெரிந்தது.

திங்கள் காலை பஸ்ஸில் எனக்கு அழுகையே வந்தது. ஊரிலிருந்து ஒரேயொரு பொருளோடு வந்த மனுசன். அதை நாங்கள் சோற்றால் ஒட்டிவிட்டோம் என்று எந்த இங்கிலீஷில் சொல்வது? ஃபக்ரறியில் "சொறி" என்று மட்டும் சொல்லி நீட்டினேன்.

ரமோன் நீலத் தாடியைப் பார்த்தார். திருப்பிச் சீட்டின் முதுகைப் பார்த்தார். ஷிஃப்ற் முழுக்க பெல்ற்றின் மற்றப் பக்கத்தில் நின்றார். சாப்பாட்டுக்கும் வேறு மேசை. வீட்டுக்குப் போகும் நேரம் பக்கத்தில் வந்து நின்று, "வட் கேம்?" என்றார்.

தெரிந்த இங்கிலீஷில் முன்னூற்றிநாலையும் குணா அண்ணையையும் பற்றிச் சொன்னேன். அடுத்த ஞாயிறு வந்தார். குணா அண்ணையைத் திட்டத்தான் வந்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அண்ணை முந்திக்கொண்டார். கதவைத் திறந்த உடனேயே இரண்டு காதையும் பிடித்து மூன்று தோப்புக்கரணம் போட்டார். விளையாட்டு இப்படித்தான் தொடங்கும்போல என்று நினைத்த ரமோன், தானும் காதைப் பிடித்து மூன்று போட்டார். முழங்கால் 'டக்' என்றது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். காரணம் விளங்கியதும் அவரும் சிரித்தார். கோழிக்கறி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

பிறகு எல்லா ஞாயிறும் தோப்புக்கரணத்தோடுதான் ஆட்டம்.

ரமோன் திரும்பக் கொண்டுவந்த ஒட்டின சீட்டு, பருக்கைகளால் தடித்துப்போய், யாரின் கையில் இருக்கிறது என்று தூரத்திலேயே தெரியும். ஆனாலும் ரமோனுக்கு அது வந்தால், "பறங்கி!" என்று கத்தி மேசையில் அடிப்பார். கழற்றித் தரட்டுமா என்று கேட்டேன்.

"நோ, நோ. ஹி வேர்க் ஹியர்."

நவம்பரில் குளிர் ஜக்கெற்றுகளை வெளியே எடுத்தோம். குணா அண்ணையின் உள் பொக்கெற்றிலிருந்து ஏதோ விழுந்தது...

ஸ்கோப்பன் வீரன்!

"ஒரு அவசரத்துக்கு ஒளிச்சு வச்சனான். பிறகு மறந்துபோனன்" என்றார் அண்ணை. ஏழு மாதம்! இந்தக் கள்ளனால்தான் இவ்வளவும்.

அந்த வீரனை ரமோனிடம் கொடுத்துக் கதையைச் சொன்னோம். கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு ஆல்பத்தைத் திறந்து, மூலைகளை மடித்து, முதலாம் இடத்தில் அவனைச் செருகினார்.

ரமோன் கண்மூடி மூன்று வருசம். நான் இப்போது அஜக்ஸில். பேஸ்மென்றில் பெரிய மேசை கிடக்கிறது, நாலு பேர் சேர்வதுதான் பெரும்பாடு. மில்லிக்கனில் இருக்கிற குணா அண்ணையை மகள் கலண்டர் பார்த்துத்தான் வெளியே விடுவாள். நான் ஃபோனில் ஆடுகிறேன். அதில் ஒருத்தரும் களவு செய்வதில்லை, ஒரு ருசியும் இல்லை.

போன கிழமை ரமோனின் மகள் ஒரு படம் அனுப்பினாள். ஆல்பத்தின் முதல் பக்கம். கியூபாவுக்கு முதலில் வந்து இறங்கியவர் ஏன் ஸ்கோப்பன் ஜாக் என்று கேட்டிருந்தாள். சீட்டுக்குக் கீழே அச்சடித்த வரியை ரமோன் பேனையால் வெட்டியிருந்தார். அதற்குக் கீழே அவர் ஸ்பானிஷில் எழுதியதையும் மொழிபெயர்த்து அனுப்பியிருந்தாள்.

'ரமோன் வந்து இறங்கினார். ஸ்கார்பரோ, ஐந்தாம் மாடி. கோழிக்கறி.'

உடனே குணா அண்ணைக்கு ஃபோன் எடுத்து வாசித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஞாயிறு வாறன்" என்றார். "மகளிட்டக் கேக்கமாட்டன். அந்தப் பிள்ளையையும் ஆல்பத்தோட வரச்சொல்லு."

"ஓம் அண்ணை. வாங்கோ..." என்றேன். "ஜக்கெற்றைக் காருக்குள்ள கழட்டி வச்சிட்டு வாங்கோ."