டீச்சர் அழிக்காத பலகை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை முத்துமாரி போன் செய்தாள். எங்கள் பள்ளியில் படித்தவள். இப்போது விளாத்திகுளம் பக்கம் ஆசிரியை. “சார், செல்வராணி டீச்சர் போயிட்டாவ” என்றாள். மறுநாள் அடக்கம் என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

டீச்சரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் வகுப்பு நினைவிருக்கும். கேள்வியைக் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். ரோட்டில் கோவில்பட்டி பஸ் வந்து ஆளை இறக்கிவிட்டுப் போகும்வரைகூட நிற்பார். “முந்திக்கிட்டுச் சொன்னா கேக்க மாட்டேன், யோசிச்சுட்டுச் சொல்லு” என்பார். அந்த அமைதியைப் பார்த்து, பாடம் நடக்கிறதா இல்லையா என்று தலைமையாசிரியனான நான் எத்தனையோ தடவை எட்டிப் பார்த்திருக்கிறேன்.

வருகிற பதிலை, சரியோ தப்போ, பிள்ளையின் பெயரோடு பலகையின் ஓரத்தில் எழுதுவார். தப்பென்று அந்தப் பிள்ளையே கண்டுபிடிக்கும்வரை யாரும் அதை அழிக்கக் கூடாது.

தொண்ணூறுகளில் ஒரு கோடை. கரிசல்காடு ஏன் வெடிக்கிறது என்று ஏழாம் வகுப்பில் கேட்டிருந்தார். ஆடு மேய்க்கிற வீட்டுப் பெண் முத்துமாரி, அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவள், பருத்தி வேர் தண்ணீரையெல்லாம் குடித்துவிடுவதால் என்றாள். அது பலகையில் ஏறியது. மறுநாள் ஆய்வுக்கு அதிகாரி வருவதாகத் தகவல். தப்பான விடையைப் பார்த்தால் டீச்சருக்கு மெமோ வருமே என்று பயந்து, காலையிலேயே போய் நானே துடைத்துவிட்டேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

டீச்சருக்குக் கோபம் வந்தால் ‘சார்’ போய் ‘அண்ணாச்சி’ வந்துவிடும். “அண்ணாச்சி, அந்தப் பிள்ள இப்பதான் வாயத் தொறந்துச்சு. நீங்க மூடிட்டிய” என்றார். அப்படியேதான் ஆயிற்று. ஒரு வாரம் என்ன கேட்டாலும் முத்துமாரி தலையைத் தூக்கவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. வகுப்புக்குப் போய், பயத்தில் அழித்துவிட்டேன் என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டு, அவள் பதிலை என் கையாலேயே திரும்ப எழுதினேன். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாலைந்து நாள் கழித்து முத்துமாரி என் அறை வாசலில் வந்து நின்றாள். “சார், ஆடு பத்திக்கிட்டுப் போகையில பாத்தேன். ஒண்ணுமே வெதைக்காத தரிசும் வெடிச்சுத்தான் கெடக்கு. வேரு காரணமில்ல. இப்ப அழிச்சிக்கிடலாம்” என்றாள். டஸ்டரை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

அடக்கத்தன்று அவளைப் பார்த்தேன். அவளும் கேள்வி கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம்தான் திரும்பி நிற்கிறாளாம். எனக்கு டீச்சரிடமிருந்து கிடைத்தது ஒரே ஒரு வார்த்தை. ஓய்வு பெறும் நாள்வரை, “அழிக்கட்டுமா?” என்று பிள்ளைகளிடம் கேட்காமல் நான் பலகையைத் தொட்டதில்லை.