கருவண்டின் பேன்

இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த எங்களுக்கு, கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஒற்றை அறை கிடைத்தது. அடுப்பும் அதற்குள்தான். என் வீட்டுக்காரருக்கு இழுப்பு. புகை சூழ்ந்தால் "தண்ணி கொடு" என்று சொல்வதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்குவார். அதைப் பார்க்கச் சகிக்காமல் பின்பக்கம் மூங்கில் நட்டு, தகரம் போட்டு, நானே ஒரு சமையல் கொட்டகை கட்டினேன்.

அந்த மூங்கிலில் கருவண்டுகள் துளை போட்டன. கூட்டமாக இல்லை, துளைக்கு ஒன்று. போனால் போகட்டும், அதுவும் இடம் தேடி வந்ததுதானே என்று விட்டுவிட்டேன்.

மழைக்கு முன்னால் சூப்பர்வைசர் வந்தார். கொட்டகையில் செத்துக் கிடந்த வண்டை லென்ஸ் வைத்துப் பார்த்தவர் பதறிவிட்டார்.

"ஏம்மா, இது பூராவும் பேனுங்க! ரெட் ஸ்பைடரை இதுதான் தோட்டத்துக்குச் சுமக்குது. நாளைக்கே மூங்கிலைப் புடுங்கி எரிச்சிருங்க."

தேயிலை இலையைச் செம்பு நிறமாக்கிக் கெடுக்கும் செம்பேனைத்தான் ரெட் ஸ்பைடர் என்றார். அது பரவினால் அவர் தலைதான் உருளும். அதற்காக என் வீட்டுக்காரர் மூச்சை நான் விட்டுக்கொடுக்க முடியுமா?

"எரிக்க மாட்டேன் ஐயா. ரெண்டும் ஒரே பேன்தான்னு காட்டுங்க, நானே கொள்ளி வைக்கிறேன்" என்றேன். என் குரல் லயம் முழுக்கக் கேட்டிருக்கும்.

முனகிக்கொண்டே லென்ஸை நீட்டினார். வண்டின் வயிறு தொடங்கும் இடத்தில் சின்னக் குழி. அதற்குள் வெளுத்த பேன்கள் நெருக்கியடித்து ஊர்ந்தன.

"செவப்பே இல்லையே ஐயா."

"குஞ்சா இருக்கும். வளர்ந்தாச் செவக்குமுங்க."

"அப்ப வளத்துப் பாப்போம்."

நான் விடவில்லை. இரண்டு பாட்டில்களில் ஈரத்துணி போட்டு, பச்சைத் தேயிலை இலை வைத்தோம். ஒன்றில் வண்டும் அதன் பேன்களும். மற்றதில் தோட்டத்துச் செம்பேன். பாட்டில் வாயைத் துணியால் கட்டி, அவர் தன் ஆபீஸ் மேசையில் வைத்தார். வேலை முடிந்ததும் தினமும் போய் நின்றேன். போகப் போக, என்னைக் கண்டதும் அவரே லென்ஸைத் துடைத்து வைப்பார்.

செம்பேன் ஏறிய இலை செம்பு நிறமானது. மற்ற இலை பச்சையாகவே இருந்தது. வண்டுப் பேன்கள் அதைச் சீண்டாமல் செத்த வண்டின் மேலேயே அப்பிக் கிடந்தன.

"இது வேற பேனுங்க" என்றார் கடைசியில். "கொட்டகை இருக்கட்டும்."

மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். தகரத்துச் சத்தத்தையும் மீறி அறைக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது.

"ஏ புள்ள, ரொட்டி வெந்திருச்சுன்னா தேத்தண்ணியும் ஊத்திக் கொண்டா, பசியில உசுரு போகுது!"

நடுவில் ஓரிடத்திலும் அவர் மூச்சு வாங்க நிற்கவில்லை. ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது.

"காதுல விழல, இன்னொரு தடவ சொல்லுங்க!" என்று கத்தினேன்.