லோயிஸ் பிரித்த மாவுக்கட்டு

தனக்கு இன்று பென்ஷன் வருகிறதென்றால் அது மனைவி போட்ட பிச்சை என்று தியோடரே சொல்வார்.

செகந்திராபாத் தச்சர் அவர். பூமிக்கடியிலிருந்து பழைய எலும்புகளைத் தோண்டியெடுக்கும் ஓர் அரசு அலுவலகத்தில் எட்டு வருடமாகத் தற்காலிக வேலை. 1971இல் ஆதிலாபாத் பக்கம், புல்லைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத ஒரு சிற்றூருக்கு முகாம் போனார்கள். டைனோசர் எலும்புக்குப் பேர்போன ஊர். அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு தொடை எலும்பு அகப்பட்டது.

"இது முழுசா ஹைதராபாத் வந்து சேரட்டும், தியோடர். உங்களை நிரந்தரமாக்கச் சொல்லி நானே எழுதறேன்" என்றார் அதிகாரி வெங்கடகிருஷ்ணன்.

வழியில் உடையாமலிருக்க எலும்புக்கு ஆஸ்பத்திரியில் போடுவது போல மாவுக்கட்டு போடுவார்கள். எலும்பின் மேல் முதலில் ஈரக் காகிதம் ஒட்ட வேண்டும். அதற்கு மேல்தான் மாவில் தோய்த்த சாக்கைச் சுற்றுவார்கள். காகிதம் இருந்தால்தான் கட்டு பிறகு ஒட்டாமல் கழன்று வரும். அன்று பார்த்து மழை கொட்டியது. குழியில் தண்ணீர் ஏறினால் விரிசல் விட்ட எலும்பு சிதறிவிடுமே! அந்தப் பதற்றத்தில் தியோடர் காகிதத்தை மறந்தே போனார்.

ஊர் திரும்பிய பிறகுதான் நினைவு வந்தது. கட்டைப் பிரித்தால் எலும்பும் பெயர்ந்து வருமே! லாலாகுடா வீட்டில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கு இப்படி முழிக்கிறீங்க? யாராவது செத்துட்டாங்களா?" என்றாள் லோயிஸ். ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டு நர்ஸ் அவள்.

"அது செத்துப் பல கோடி வருஷமாச்சு. இப்ப நான்தான் சாகணும்" என்று விஷயத்தைக் கொட்டினார்.

"பஞ்சு வைக்காம போட்ட கட்டை எத்தனை பிள்ளைங்க கால்ல பிரிச்சிருக்கேன்! நாளைக்கு நானும் வர்றேன். முதல்ல சார்கிட்ட உண்மையைச் சொல்லுங்க."

மறுநாள் தியோடர் கைகட்டி நின்று சொன்னார். அதிகாரியின் முகம் சிவந்தது. "எட்டு வருஷமா கத்துண்டது இதுதானா?"

"திட்டறதை அப்புறம் வச்சுக்கலாம், சார். வெந்நீர் எங்கே கிடைக்கும்?" என்றாள் லோயிஸ்.

மூன்று நாள் லீவு போட்டாள். வெந்நீர்த் துணியால் கட்டை ஊறவைத்து, விரல் நகமளவு விரல் நகமளவாகப் பெயர்த்தாள். ஓரிடத்தில் இறுகப் பிடித்தபோது, வார்டு பழக்கத்தில், "வலிக்குதா கண்ணு? ஆச்சு, ஆச்சு" என்றாள். அதிகாரியே சிரித்துவிட்டார்.

முட்டிப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு எலும்பு பெயர்ந்திருந்தது. மற்றதெல்லாம் பிழைத்தது. வெங்கடகிருஷ்ணன் குனிந்து, நெடுநேரம் தடவிப் பார்த்தார்.

"முழுசுன்னு சொல்ல முடியாது, தியோடர். ஆனா மறைக்காம வந்து சொன்னீங்களே... எழுதறேன்."

தியோடர், மாவு படிந்து ஊறிச் சுருங்கியிருந்த மனைவியின் விரல்களை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நக்கோ, வேணாங்க... எல்லாரும் பார்க்கிறாங்க" என்றாள் லோயிஸ். கையை மட்டும் அவள் இழுத்துக்கொள்ளவில்லை.