மலை ஓணான்கள் இருந்த பை

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடம். கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி போன எங்கள் பஸ்ஸை, சாலையில் புளியமரத்தை வெட்டிப்போட்டு மறித்தார்கள். உச்சி வெயில். என் பக்கத்தில் கல்லூரியில் விலங்கியல் நடத்தும் ஆசிரியை ஒருவர், தடித்த கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். மடியிலிருந்த துணிப்பையை அடிக்கடி கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்போடு ஏறிய ஒருவர், “இன்னாம்மா பையில? கீழ கொட்டு,” என்று அதட்டினார்.

“ஓணானுங்க. கல்வராயன் மலையில புடிச்சது. கொட்டினா தாரு சூட்டுலயே செத்துடும்.”

அவர் நம்பாமல் பையைப் பிரித்தார். ஓணான்கள் வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடந்தன.

“செத்துதான கெடக்குது?”

“இல்லீங்க. மலைக் குளிருக்குப் பழகினது. கொஞ்சம் சூடு ஏறினா நல்லா ஓடும். ஜாஸ்தியாச்சுன்னா தசை வேலை செய்யாது, காலே எழும்பாது.”

அவர் கம்பைப் போட்டுவிட்டு, வாய்க்காலில் துண்டை நனைத்து வந்தார். நாங்களெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கினோம். அவர்கள் இருவரும் சாலையோர வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, பையின் மேல் தண்ணீரைப் பிழிந்தார்கள்.

அப்போது போலீஸ் வேன் வந்தது. எல்லோரும் கரும்புக் கொல்லைக்குள் ஓடினோம்.

“ஓடியாங்கம்மா, அடிப்பானுங்க!” என்று துண்டுக்காரர் கத்தினார்.

“இது ஓடட்டும், அப்பறம் நான் ஓடறேன்,” என்றார் ஆசிரியை, ஓர் ஓணானை உள்ளங்கையில் ஏந்தியபடி.

லத்திகள் அவரைச் சூழ்ந்தன. அவர் நிமிரவே இல்லை. கையை மட்டும் நீட்டிக் காட்டி ஏதோ சொன்னார். ஓங்கிய லத்தி மெல்ல இறங்கியது. சற்று நேரத்தில் ஓணான் துள்ளிக் குதித்து ஓட, அதைப் பிடிக்க அவரும் ஓடினார். பின்னாலேயே இரண்டு போலீஸ்காரர்களும் ஓடினார்கள்.

அவருக்குப் பயமே இல்லையா, பயப்பட மறந்துவிட்டாரா என்று இன்னமும் யோசிக்கிறேன்.