நிலானின் முறை நாள்

காவோலாக் ஊர்ச் சந்தையில் கருவாடு விற்கும் பெந்தா உட்கார்ந்து வியாபாரம் செய்து யாரும் பார்த்ததில்லை. உட்கார்ந்தவளிடம் வாடிக்கை நிற்காது என்பது அவள் கட்சி. கடை விரித்தது முதல் கூடையைக் கவிழ்க்கும் வரை நின்றபடியே எடை போடுவாள், நின்றபடியே சண்டையும் போடுவாள். அப்படிப்பட்டவளின் இடது கால் கட்டைவிரலில் செருப்புக் கடித்துப் புண் வந்தது. ஒரு வாரத்தில் ஆற வேண்டியது மாதக்கணக்கில் வாய் மூடவில்லை. சுகாதார நிலையத்து நர்ஸ் ரத்தத்தைப் பார்த்தாள், சர்க்கரை வியாதி என்றாள், மாத்திரையும் ஒரு சின்ன மெஷினும் கொடுத்தாள்.

“தினம் சாயந்தரம் சோத்துல கை வைக்கறதுக்கு முன்னால விரலக் குத்திப் பாரு. நூத்தி முப்பதுக்குக் கீழ நின்னா புண்ணு தானா ஆறும். இருநூறு, இருநூத்தம்பதுன்னு ஆடிச்சுன்னா விரல எடுக்கத்தான் வேணும்.”

“விரல் போனா நான் எப்படிம்மா நிப்பேன்?”

“அதத்தான் நானும் சொல்றேன்,” என்றாள் நர்ஸ்.

புருஷனுக்கே பயப்படாத பெந்தா அன்றிலிருந்து மெஷினுக்குப் பயப்பட ஆரம்பித்தாள். முற்றத்தில் கால் கழுவி, கை துடைத்து, விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மெஷின் பட்டையில் வைத்துவிட்டு, எண் வரும் வரை மூச்சை அடக்கிக்கொள்வாள். சோற்றைக் குறைத்தாள். இனிப்பை அறவே விட்டாள். மாத்திரையை ஒரு வேளைகூட மறந்ததில்லை. அவளால் விட முடியாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான், ரொக்காயாவின் தேநீர்.

ரொக்காயா பக்கத்துக் கடையில் சாம்பிராணி விற்கிறவள், பாவாடை கட்டின வயதிலிருந்தே சிநேகிதி. பெந்தாவின் கணவன் பிராம் நிலானை இரண்டாம் மனைவியாகக் கூட்டி வந்த அன்று, ஊரே விருந்துக்குப் போயிருந்தபோது, பெந்தாவின் அறையில் அவளோடு உட்கார்ந்திருந்தவள் ரொக்காயா மட்டும்தான். அதை பெந்தா மறக்கவில்லை. மறக்கக் கூடியவளும் அல்ல.

இந்த ஊர்த் தேநீரை வந்தோம், குடித்தோம் என்று முடிக்க முடியாது. கரி அடுப்பில் கொதிக்கக் கொதிக்க, மூன்று சுற்று. முதல் சுற்று கசக்கும், மூன்றாவதில் சர்க்கரைதான் தேநீரையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். கையை உயர்த்தி இந்தக் கண்ணாடிக் குவளைக்கும் அந்தக் குவளைக்கும் மாற்றி மாற்றி ஆற்றி, பாதிக் குவளைக்கு நுரை எழுப்ப வேண்டும். நுரையில்லாத குவளையை நீட்டினால், வாங்கியவள் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிப்பாள். ரொக்காயாவின் நுரையைப் பார்ப்பதற்கென்றே துணிக்கடைக்காரர்கள் எழுந்து வருவார்கள். பெந்தா சந்தையில் உட்காருகிற நேரமும் அது ஒன்றுதான்.

வியாதி தெரிந்ததும், “இனிமே எனக்கு ஊத்தாதடி,” என்று பெந்தா சொல்லிவிட்டாள். ரொக்காயாவின் முகம் செத்துப்போயிற்று. அடுத்த தடவை அடுப்பில் இரண்டு கெண்டிகள் இருந்தன. ஒன்று எப்போதும் உள்ளது. இன்னொன்று சின்னது, நீலம். அதன் பக்கத்தில் ஒரு மஞ்சள் டப்பா.

“என்னடி இது?”

“தக்கார் பட்டணத்துல எங்க அண்ணன் மருந்துக் கடையில வாங்கினது. சக்கரை வியாதிக்காரங்க போட்டுக்கிற பவுடராம். இனிக்கும், ஆனா ஒண்ணும் பண்ணாது. நீலக் கெண்டி உனக்கு மட்டும். வேற எவளாவது தொட்டா கையை ஒடிப்பேன்.”

பெந்தா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தனக்காகத் தனிக் கெண்டி வைக்க இந்த உலகத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆனால் எண்கள் பேயாட்டம் ஆடின. இரண்டு நாள் நூற்றுப் பதினைந்து, நூற்று இருபது என்று ஒழுங்காக இருக்கும். அடுத்த இரண்டு நாள் இருநூற்று முப்பது, இருநூற்று அறுபது. பிறகு மறுபடி இறங்கும். பெந்தா மூளையைப் போட்டுக் குழப்பிக்கொண்டாள். கடைசியில் ஒரு நாள் கருவாட்டை அடுக்கிக்கொண்டிருந்தவளுக்குப் பொறி தட்டியது. அந்த வீட்டில் சமையல் முறை இரண்டிரண்டு நாள். தன் முறை வந்தால் பெந்தா வீட்டில் இருந்து சமைப்பாள். நிலானின் முறையில் சந்தைக்கு வருவாள், மதியச் சாப்பாட்டை நிலானே துணி மூடிக் கொண்டுவந்து கொடுப்பாள். எண் ஏறுவதெல்லாம் நிலானின் முறை நாளில்.

இதை ரொக்காயாவிடம் சொன்னாள். ரொக்காயா கெண்டியை அடுப்பில் வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

“நான் என்னத்தச் சொல்ல,” என்றாள் பிறகு. “சக்களத்தி கையால வர்ற சோறு. எவளுக்குடி செரிச்சிருக்கு?”

“சோத்தக்கூட அள்ளி வைக்கறதில்லடி. பாரு, ஒரு கைப்பிடி சோறு. மீதியெல்லாம் முட்டைக்கோஸும் கத்திரிக்காயும். மரவள்ளிய எல்லாம் வீட்டுலயே நிறுத்திக்கிறா.”

“ஆட்டுக்குப் போடற தீனி,” என்று சிரித்தாள் ரொக்காயா. “குழம்புல என்ன கலந்திருக்காளோ, எவன்கிட்ட ஓதி வாங்கினாளோ. நீ படுத்துட்டா அப்புறம் அவ ராஜ்யந்தானே?”

அந்த வார்த்தை பெந்தாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இந்தப் பக்கத்தில் சக்களத்தி மருந்து வைப்பது என்பது மழை பெய்வது மாதிரி, நடக்குமா என்று யாரும் கேட்பதில்லை, எப்போது என்றுதான் கேட்பார்கள். இவளுக்கோ சாட்சிக்கு ஒரு மெஷினும் இருந்தது. போதாதா?

மறுநாளும் இருநூற்று ஐம்பது காட்டியது. பெந்தா மெஷினைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். பிராம் எண்ணெய் ஆலையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தான். நிலான் இரவுச் சாப்பாட்டுத் தாம்பாளத்தை இறக்கி வைத்தாள்.

“இவ என் சோத்துல என்ன போடறான்னு கேளுங்க,” என்றாள் பெந்தா. “என் முறையில நல்லா இருக்கேன். இவ முறையில சாகறேன். மெஷின் பொய் சொல்லுமா?”

நிலான் சின்னவள், அதிகம் பேசமாட்டாள். அன்று பேசினாள்.

“அக்கா, உங்களுக்கு வர்ற அதே சட்டியிலதான் நானும் சாப்பிடறேன். என் விரலக் குத்திப் பாருங்க.”

“குத்தத்தான் போறேன்.”

புது ஊசி எடுத்துக் குத்தினாள். தொண்ணூற்று இரண்டு. நிலான் விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு, நியாயம் கிடைத்துவிடும் என்பது போல நிமிர்ந்து பார்த்தாள். பெந்தா ஒரு கணம் தடுமாறினாள். ஒரே ஒரு கணம்.

“அவளுக்கு எப்படி ஏறும்? எனக்குன்னு ஓதி வாங்கினது அவள ஏன் தொடப்போகுது?”

இதற்குப் பதில் சொல்ல யாரால் முடியும்? பிராம் நல்லவன்தான், ஆனால் அந்த வீட்டில் நல்லவன் என்றால் வாயைத் திறக்காதவன் என்று பொருள். அவன் பெந்தாவின் கட்டுப் போட்ட காலைப் பார்த்தான், நிலானைப் பார்க்கவில்லை.

“கொஞ்ச நாள் உங்கப்பா வீட்டுல போய் இரு,” என்றான் நிலானிடம். “புண்ணு ஆறட்டும். பேசிக்கலாம்.”

நிலான் அப்பா வீடு இருந்த ஃபாத்திக்குக்கு வண்டி ஏறினாள். கொஞ்ச நாள் என்று சொல்லி அனுப்பப்படுகிற பெண்ணுக்கு அந்தக் கொஞ்ச நாளின் நீளம் தெரியும். பெட்டியை முழுவதும் கட்டிக்கொண்டுதான் போனாள்.

இப்போது எல்லா நாளும் பெந்தாவின் முறை. கருவாட்டுக் கடையை ரொக்காயா பார்த்துக்கொண்டாள், பெந்தா வீட்டோடு இருந்து சமைத்தாள். எண் இறங்கியது. நூற்றுப் பத்து, நூற்று எட்டு, நூற்றுப் பதினான்கு. புண்ணின் ஓரத்தில் புதுத் தோல் எட்டிப் பார்த்தது. நர்ஸ் முதுகில் தட்டிக்கொடுத்தாள். பெந்தா தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் எண்ணைச் சொன்னாள். “பாத்தியா, அவ போனதும் எப்படி எறங்கிடுச்சு!” கேட்டவர்களும் தலையை ஆட்டினார்கள். நிலானுக்காகப் பரிந்து பேச ஒரு நாக்கும் எழவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ரொக்காயா அடுப்பும் கெண்டியுமாக வீட்டுக்கு வந்தாள். “நீ வரலன்னா தேநீர் உன்னத் தேடி வரும்டி,” என்றாள். வேப்ப மரத்தடியில் பாய் விரித்தார்கள். நீலக் கெண்டி, மஞ்சள் டப்பா, மூன்று சுற்று. நுரை குவளையின் வாயை அடைத்துக்கொண்டு நின்றது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ரொக்காயா போன பிறகு பெந்தா கால் கழுவி, கை துடைத்து, விரலைக் குத்தினாள்.

இருநூற்று நாற்பத்தொன்று.

வேறு விரலைக் குத்தினாள். இருநூற்று முப்பத்தெட்டு. நிலான் ஃபாத்திக்கில் இருக்கிறாள். அரிசி இவள் கழுவியது, மீன் இவள் அரிந்தது, குழம்பு இவள் துழாவியது. பெந்தா அப்படியே திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் பாயின் மேல் கிடந்த அந்தக் குவளைகளுக்குப் போனது. உடனே அங்கிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அதை நினைப்பதே பாவம் என்று அவளுக்குப் பட்டது.

நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. மறுநாள் காலை நொண்டிக்கொண்டே சந்தைக்குப் போனாள். ரொக்காயா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். பெந்தா மஞ்சள் டப்பாவைத் திறந்து, உள்ளங்கையில் துளி கொட்டி, வாயில் போட்டாள். பல்லிடுக்கில் நறநறவென்று அரைபட்டது. பவுடர் அரைபடாது. எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கிற சர்க்கரை.

ரொக்காயா குடத்தோடு வந்து நின்றாள். டப்பாவைப் பார்த்ததும் குடத்தை மெல்லக் கீழே வைத்தாள்.

“மொதல்ல நெசமான பவுடர்தான்டி போட்டேன். சத்தியமா. நுரையே எழும்பல. மொட்டையா நின்னுச்சு. எல்லாரும் பாக்கறாங்க, என் சிநேகிதிக்கு நான் மொட்டைக் குவளைய நீட்டவா? டப்பா தீந்ததும் இதப் போட்டேன். நீ குடிச்சுட்டு, இன்னிக்குத்தான்டி தேநீர் மாதிரி இருக்குன்னு சொன்ன. மறந்துட்டியா?”

பெந்தா மறக்கவில்லை. அது அவள் வாயால் சொன்னதுதான்.

“உன் நாக்குக்குத் தெரியாதா?” என்றாள் ரொக்காயா, இப்போது கொஞ்சம் துணிச்சலோடு. “ரெண்டு கரண்டி, என்ன பண்ணிடும்னு நெனச்சேன்.”

“விரல் போயிருக்கும்டி.”

ரொக்காயா குடத்தைக் காலால் ஓரம் தள்ளினாள்.

“சரி, நுரைக்குப் போட்ட. நான் நிலானச் சொன்னப்போ? அப்ப உன் கையிலதானடி இந்த டப்பா இருந்துச்சு? அவ குழம்புல கலக்கறான்னு நீதானடி சொன்ன?”

“அவ போனா உனக்கு நல்லதுதானேன்னு...” ரொக்காயாவின் குரல் இறங்கிவிட்டது. “அவ வந்த அன்னிக்கு நீ அழுதத பாத்தவ நான்.”

பெந்தாவுக்கு அந்த இடத்தில் கத்த வேண்டும் என்று இருந்தது, அடிக்க வேண்டும் என்று இருந்தது. எதுவும் வரவில்லை. அழுத நாளில் கூட இருந்தவளே இப்படிச் செய்தால் போய்ச் சொல்லி அழ அடுத்த ஆள் யார்? டப்பாவை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நடந்தாள். கருவாட்டுக் கூடையைக்கூட எடுக்கவில்லை.

அன்றே ஃபாத்திக்குக்கு வண்டி ஏறினாள். நிலானின் அப்பா வீட்டில் மதியச் சாப்பாட்டு நேரம். வந்தவளை யாரும் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு பலகையைப் போட்டு, தாம்பாளத்தைச் சுற்றி இடம் கொடுத்தார்கள். நிலான் எதிரில் உட்கார்ந்தாள். சுற்றி இருந்தவர்கள் சாப்பிட ஆரம்பித்தார்கள். நிலானின் கை வழக்கம் போல வேலை செய்தது. பெந்தாவின் பக்கத்திலிருந்த மரவள்ளித் துண்டுகளையும் அடிப்பிடித்த சோற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முட்டைக்கோஸையும் கத்திரிக்காயையும் மீனின் நடுத்துண்டையும் பெந்தாவின் பக்கம் தள்ளினாள். கஞ்சத்தனம் என்று பெந்தா அத்தனை நாள் நினைத்தது இதைத்தான்.

“யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?” என்றாள் பெந்தா.

“நர்ஸ்கிட்ட நானே போய்க் கேட்டேன்க்கா. உங்களுக்கு வியாதின்னு தெரிஞ்ச வாரம்.”

பெந்தா நடந்ததையெல்லாம் சொன்னாள், டப்பாவையும் சொன்னாள், தான் கேட்ட பேச்சையும் சொன்னாள். “வீட்டுக்கு வாம்மா,” என்றாள். “உன் காலைப் பிடிக்கிறேன்.”

நிலான் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

“உங்க சிநேகிதி பொய் சொன்னா, நீங்க நம்பினீங்க, அது ஒண்ணும் பெரிசில்லக்கா. யாரும் ஏமாறலாம். என் விரலக் குத்திப் பாத்தீங்களே. எண்ணு சரியா வந்துச்சே. அதுக்கப்புறமும்தானே அனுப்பினீங்க. நான் அந்த வீட்டுக்கு இனி எத வச்சு வருவேன்?”

பெந்தா எழுந்தாள். வாசல் வரை நிலான் கூட வந்தாள், வண்டிக்குக் கையும் காட்டினாள். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பிராம் இன்னும் வரவில்லை. பெந்தா முற்றத்தில் கால் கழுவி, கை துடைத்து, விரலைக் குத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று அவள் சோறு என்று சாப்பிட்டதெல்லாம் நிலான் கையால் தள்ளிக் கொடுத்தது மட்டும்தான். நூற்றுப் பன்னிரண்டு என்று வந்தது. அதைக் காட்ட வீட்டில் ஆள் இல்லை.