ஆணிமேல் ஓடிய நடுவர்

வட்டாரக் கால்பந்துக் கூட்டத்தில் விசிலக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. ஐம்பதைத் தாண்டியும் ஆட்டக்காரிகளுக்கு ஈடுகொடுத்து ஓடும் நடுவர். ஒல்லி உடம்பு, ஊரைக் கூட்டும் குரல். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை நோய் இருந்தும் அதை அவர் சட்டை செய்ததே இல்லை. "ஓடுற காலைச் சர்க்கரை என்ன செஞ்சிடும்?" என்பார். ஆட்டம் இருக்கிற நாளில் மாத்திரைப் பக்கமே திரும்ப மாட்டார்.

அன்று இறுதி ஆட்டம். மைதானம் கொள்ளாத கூட்டம். கடைசிவரை இரண்டு பக்கமும் சமம், பெனால்டியில்தான் முடிவு. கடைசிப் பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்து உள்ளே விழுந்தபோது எழுந்த கூச்சலில் காதே அடைத்துப்போயிற்று. தோற்ற அணியின் கேப்டன்கூட ஓடி வந்து அக்காவின் கையைக் குலுக்கினாள். தலைகால் புரியாத சந்தோஷத்தோடு உடைமாற்றும் அறைக்கு வந்த அக்கா, பெஞ்சில் உட்கார்ந்து இடது ஷூவைக் கழற்றினார்.

வெள்ளைச் சாக்ஸ் பாதி சிவப்பாக இருந்தது.

"ஐயோ அக்கா, ரத்தம்!" என்று அலறினாள் துணை நடுவர். ஷூவைத் தூக்கிப் பார்த்தால், அடியைத் துளைத்துக்கொண்டு ஒரு ஆணி. வலை கட்டியவர்கள் கீழே விட்டதாக இருக்கும். அத்தனை ஓட்டமும் அதன்மேல்தான்!

"வலிக்கவே இல்லையேடி..." என்றார் அக்கா. அவர் குரல் அப்படி இறங்கி யாரும் கேட்டதில்லை.

சலூன் வைத்திருக்கும் அவர் கணவர், கத்திரியைப் போட்டது போட்டபடி ஓடி வந்து டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். காயத்தைச் சுத்தம் செய்து கட்டியதும் டாக்டரம்மா ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்தார். "கண்ணை மூடிக்குங்க. பாதத்துல படும்போது சொல்லுங்க."

அக்கா காத்திருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்து, "எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார்.

"முடிச்சிட்டேனே."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எனக்கு மட்டும் ஏன் டாக்டர் இப்படி?"

"உங்களுக்கு மட்டும்னு யார் சொன்னது? சர்க்கரை இருக்கறவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு என்னைக்காவது நரம்பு கெடுது. சிலருக்குப் பாதம் எரியும், சிலருக்கு மரத்தே போயிடும். வருஷம் ஏற ஏற ஆபத்தும் ஏறும். சர்க்கரையைக் கட்டுக்குள்ள வைக்கலைன்னா இன்னும் மோசம். ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, அதிக எடை, சிகரெட் எல்லாம் எரியிற தீயில எண்ணெய். ஆனா ஒல்லியா இருந்தா தப்பிச்சோம்னு நினைக்காதீங்க."

கணவருக்கும் சர்க்கரை உண்டு. சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியைச் சத்தமில்லாமல் குப்பைக்கூடையில் போட்டார்.

"போன உணர்ச்சி திரும்புமா?" என்று கேட்டார் அக்கா.

"அதை நம்பி இருக்காதீங்க. மிச்சத்தைக் காப்பாத்தலாம்."

அது போதும் அக்காவுக்கு! மாத்திரை நேரம் தவறவில்லை. சர்க்கரை இறங்கியது, காயமும் மெல்ல ஆறியது. புதுக் காயம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க, தினமும் கணவர் சலூன் கண்ணாடியைப் பாதத்துக்கு அடியில் பிடிப்பார். "பின்னாடி அளவு சரியா இருக்கான்னு கேப்பீங்க போல!" என்று அக்கா கிண்டலடிப்பார்.

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு டாக்டரம்மாவையே மைதானத்துக்கு இழுத்து வந்துவிட்டார். சர்க்கரை உள்ள அத்தனை பேரும், பயிற்சியாளர் முதல் வாசல்காவலர் வரை, வெறுங்காலோடு பெஞ்சில் வரிசையாக! சங்கச் செயலாளருக்குப் பட்டப்பெயர் பீரங்கி. சர்க்கரையோடு ரத்த அழுத்தமும் தொந்தியும் சேர்ந்த ஆள். "எனக்கெல்லாம் ஒண்ணும் கிடையாது" என்று காலை நீட்டியவருக்குப் பாதி இடத்தில் இழை பட்டதே தெரியவில்லை.

"அடப்பாவமே! பாதம் எரியுதுன்னு இத்தனை நாளா செருப்பை மாத்திட்டே இருந்தேனே!"

"புண்ணு வர்றதுக்கு முன்னாடி மாட்டிக்கிட்டீங்க, நல்ல வேளை" என்றார் டாக்டரம்மா.

கூட்டம் பொறுமையிழந்து கைதட்டியது. "ஆட்டத்தை ஆரம்பிங்கக்கா!"

"பந்து எங்கேயும் ஓடிடாது!" என்று அக்கா போட்ட சத்தத்தில் மைதானமே சிரித்தது. "அடுத்தது யாரு? ஷூவைக் கழட்டு!"